மூன்று இல்லங்களின் மகள்

உயில் எழுதும் தந்தை தம் கண்முன் நடமாடும் பிள்ளைகளுக்கே சொத்தைப் பங்கிடுவது உலக வழக்கம். 1745ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் வெல்ஸ் என்னும் சிற்றூரில் மறைந்த ஜான் வீல்ரைட் என்பாரோ, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கண்ணால் காணாத, உயிரோடிருக்கிறாளா என்றுகூட உறுதியாக அறியாத ஒரு மகளுக்கும் தம் உயிலில் இடம் வைத்திருந்தார். அவள் பெயர் எஸ்தர். கனடா தேசத்தில் அவள் உயிரோடிருந்து, இறைவன் திருவுளத்தால் தாய்நாடு திரும்பி இங்கேயே குடியமர்வாளாயின், அவளுடைய சகோதரர் நால்வரும் ஆளுக்கு 25 பவுண்டாக 100 பவுண்டு, அவள் வந்த ஆறு மாதத்துக்குள் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு.

அந்த உயில் எழுதப்பட்ட காலத்தில் எஸ்தர் உயிரோடுதான் இருந்தாள். கியூபெக் நகரில், உர்சுலின் சபைக் கன்னியர் மடத்தில், அடைப்பு வாழ்வை மேற்கொண்ட துறவியாக, பிரெஞ்சு மொழி பேசி, பிரெஞ்சுச் சிறுமியர்க்குப் பாடம் கற்பித்துக்கொண்டிருந்தாள். கத்தோலிக்கர் என்றாலே அஞ்சி வெறுத்த ஒரு குடும்பத்தின் மகள் கத்தோலிக்கத் துறவியானது எவ்வாறு? இதை அறிய, அன்பார்ந்த வாசகர்களே, நாம் அக்குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைக் கடந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கொள்ளுப்பாட்டனாரின் நாடுகடத்தல்

எஸ்தரின் கொள்ளுப்பாட்டனாரும் ஜான் வீல்ரைட் என்னும் பெயருடையவரே. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பில்ஸ்பி என்ற ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாக இருந்தவர். அந்தச் சபையில் கத்தோலிக்கச் சடங்குகளின் நிழல்கூட இருத்தலாகாது, எல்லாவற்றையும் கழுவித் தூய்மையாக்க வேண்டும் என்று வாதாடியவர்களைப் பியூரிட்டன்கள் என்பர். அதாவது தூய்மை நாடுவோர். அவர்களுள் ஒருவரான இவர் 1636இல் குடும்பத்தோடு கடல் கடந்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகர் வந்து சேர்ந்தார்.

மனச்சாட்சியின் சுதந்திரத்தைத் தேடி வந்தவர்கள் பிறருக்கு அதைத் தாராளமாக வழங்கினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மனிதன் மீட்புப் பெறுவது முற்றிலும் இறையருளால்தான், வெளியொழுக்கம் அந்த அருளுக்குச் சான்றாகாது என்று வீல்ரைட் சற்று அழுத்தமாகப் பிரசங்கம் செய்துவிட்டார். அவருடைய மனைவி மேரியின் சகோதரர் வில்லியம் ஹட்சின்சன். அந்த வில்லியமின் மனைவி ஆன் ஹட்சின்சன், பதினைந்து பிள்ளைகளைப் பெற்ற தாய், தம் வீட்டில் கூட்டம் கூட்டி அதே போதனையை விளக்கி வந்தார். 1637 நவம்பரில் இருவருக்கும் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. வீல்ரைட் பனிக்காலத்தில் வடக்கே சென்று, 1638இல் எக்செட்டர் என்ற ஊரை நிறுவினார். அந்த ஊரும் 1643இல் மசாசூசெட்ஸ் ஆட்சியின்கீழ் வந்துவிடவே, இன்னும் வடக்கே கடலோரமாகப் போய் வெல்ஸ் ஊரில் குடியேறினார். வெல்ஸ் இன்று மெய்ன் மாநிலத்தில் உள்ளது. அந்நாளில் அது ஆங்கிலேயக் குடியேற்றத்தின் விளிம்பு. அதற்கு அப்பால் அடர்ந்த காடும், அக்காட்டுக்கு உரியவர்களான பூர்வகுடி மக்களும்.

ஆன் ஹட்சின்சனின் முடிவு துயரமானது. கணவர் இறந்தபின் அவர் பிள்ளைகளோடு இன்றைய நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதிக்குச் சென்று குடியிருந்தார். அங்கே டச்சுக்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த போரில், 1643இல், அவரும் அவருடன் இருந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். சூசன்னா என்ற சிறுமி மட்டும் உயிரோடு கொண்டுபோகப்பட்டாள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவளை மீட்டபோது தாய்மொழியையே மறந்திருந்தாள் என்றும், தன்னை வளர்த்தவர்களை விட்டுவர மனமில்லாதிருந்தாள் என்றும் பாஸ்டன் ஆளுநர் வின்த்ரப் தம் குறிப்பில் பதிந்துள்ளார். பின்னர் அவள் பாஸ்டனில் மணமுடித்து வாழ்ந்தாள்.

நம் உறவுமுறையில் சொல்வதானால், இந்தச் சூசன்னா, எஸ்தரின் பாட்டனார் சாமுவேலுக்குச் சொந்த மாமன் மகள். ஆக, எஸ்தர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு மொழி மறந்து திரும்பிய ஒரு பெண்ணின் கதை அக்குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. அந்தப் பெண்ணாவது திரும்பி வந்தாள்.

ஏழு வயதில்

எஸ்தர் 1696ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஜான் வீல்ரைட், மேரி ஸ்நெல் தம்பதியரின் 11 குழந்தைகளில் ஒருத்தியாகப் பிறந்தாள். தந்தை ஊரின் பெரிய மனிதர். படையிலும் நீதிமன்றத்திலும் பொறுப்பு வகித்தவர். அவர்களது வீடு, ஆபத்துக் காலத்தில் ஊரார் ஒதுங்கும் அரண் வீடாகவும் இருந்தது.

அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். அரசர்கள் அங்கே சண்டையிட்டால், குடியேறிகள் இங்கே வெட்டிக்கொள்வார்கள். வெல்ஸ் ஊருக்கு வடக்கேயும் கிழக்கேயும் வாழ்ந்த அபெனாக்கி மக்கள் பிரெஞ்சுக்காரருடன் உடன்படிக்கை கொண்டவர்கள். அவர்களுடைய வேட்டை நிலங்களையும் ஆற்றங்கரைகளையும் ஆங்கிலேயர் ஆண்டுதோறும் விழுங்கி வந்தது அவர்கள் நெஞ்சில் நெருப்பாய் இருந்தது. 1703 ஆகஸ்டு மாதத்தில், ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி 10ஆம் நாள், அபெனாக்கி வீரரும் பிரெஞ்சுப் படையினரும் கடலோரக் குடியிருப்புகள் பலவற்றை ஒரே நேரத்தில் தாக்கினர். வெல்ஸ் ஊரில் மட்டும் கொல்லப்பட்டோரும் பிடித்துச் செல்லப்பட்டோருமாகச் சுமார் 40 பேர். அவர்களுள் ஒருத்தி ஏழு வயது எஸ்தர்.

அடுத்த ஆண்டு பெப்ரவரி 29 அன்று டீர்பீல்டு ஊரின் போதகர் ஜான் வில்லியம்ஸ் என்பாரின் மகள் யூனிஸ் பிடித்துச் செல்லப்பட்டாள். அவளுக்கும் வயது ஏழு. போதகர் விடுதலை பெற்றுத் திரும்பி, தம் சிறைவாழ்வைப் பற்றி 1707இல் ஒரு நூலும் வெளியிட்டார். மகளை மட்டும் அவரால் மீட்க முடியவில்லை. யூனிஸ், மோஹாக் மக்களின் கானவாகே கிராமத்தில், நம் புனித காட்டேரி தெக்காக்வித்தா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த அதே கிறிஸ்தவச் சமூகத்தில், கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்து, அந்த இனத்திலேயே மணமுடித்து, 1785இல் இறந்தாள். எஸ்தரின் கதை தனிக்கதையன்று என்பதற்காகவே இதைக் கூறினேன். இத்தகைய கண்ணீர் நியூ இங்கிலாந்தின் எல்லையோர வீடுகள் பலவற்றிலும் ஓடியது.

பிடிபட்டவர்களைப் பூர்வகுடிகள் எல்லோரையும் அடிமைகளாக நடத்தவில்லை. போரிலும் கொள்ளைநோயிலும் இறந்த தம் பிள்ளைகளின் இடத்தில் பிடிபட்ட குழந்தைகளை வைத்து, பெயரிட்டு, தம் பிள்ளைகளாகவே வளர்ப்பது அவர்கள் மரபு. எஸ்தரும் ஓர் அபெனாக்கிக் குடும்பத்தில் வளர்ந்தாள். மரப்பட்டைக் குடிலில் உறங்கினாள்; அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் பசித்திருந்தபோது பசித்திருந்தாள். அவர்கள் மொழியே அவள் மொழியாயிற்று. ஆங்கிலம் மறந்துபோயிற்று.

அந்த அபெனாக்கி மக்களுள் பெரும் பகுதியினர் அப்போதே கத்தோலிக்கர்கள். சேசு சபைக் குருக்கள் அவர்களிடையே தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, மறையுரை ஆற்றி வந்தனர். கென்னபெக் ஆற்றங்கரையில் நாரிஜ்வாக் என்னும் கிராமத்தில் செபஸ்தியான் ரால் அடிகள் அம்மொழிக்கு ஓர் அகராதியே தொகுத்தார்; ஆங்கிலப் படையினர் 1724இல் அந்தக் கிராமத்தைத் தாக்கியபோது அவரும் கொல்லப்பட்டார். நம் வீரமாமுனிவர் இங்கே தமிழுக்குச் சதுரகராதி செய்த காலமும் ஏறக்குறைய இதுதான்; ஒரே சபை, ஒரே வகை உழைப்பு. ஆகவே எஸ்தர் சிலுவை அடையாளம் போடக் கற்றது பிரெஞ்சு மடத்தில் அன்று. அபெனாக்கி மக்களின் நடுவில்தான்.

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும். இத்தகைய வரலாறுகளை நம் மக்களிடையே சொல்கையில், "பார்த்தீர்களா, இறைவனின் பராமரிப்பை! பதிதர் வீட்டுப் பிள்ளை உண்மைத் திருச்சபைக்கு வந்துவிட்டாள்" என்று உடனே மகிழ்ந்துவிடும் பழக்கம் உண்டு. அது அவசர மகிழ்ச்சி. பிள்ளைகளைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எடுத்துத் திருமுழுக்குக் கொடுப்பது இயற்கை நீதிக்கே முரண் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தார். பகுத்தறியும் வயது வரும்வரை குழந்தை பெற்றோரின் பொறுப்பில் இருப்பது இறைவன் வகுத்த ஒழுங்கு என்பது அவர் வாதம். அவர் எழுதியது யூதர் முதலிய பிற சமயத்தார் பிள்ளைகளைக் குறித்து; எனினும் அந்த நியாயம் மேரி ஸ்நெல் அம்மையாரின் வீட்டுக்கும் பொருந்தாமற் போகுமோ? இறைவன் வளைந்த கோட்டைக் கொண்டும் நேராக எழுத வல்லவர். அதற்காகக் கோட்டை வளைத்தவனை நாம் பாராட்ட வேண்டியதில்லை.

அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகள் இறந்தாள் என்ற செய்தி வந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். செய்தியே இல்லை. அதற்கும் மேலாக, மசாசூசெட்ஸ் ஆட்சியினர் 1647இலும் பின்னர் 1700இலும் சட்டமியற்றிக் கத்தோலிக்கக் குருக்களைத் தம் எல்லைக்குள்ளேயே வரக்கூடாதென்று தடுத்திருந்தனர். இரண்டாவது சட்டப்படி பிடிபட்ட குருவுக்கு ஆயுட்சிறை. அத்தகைய சமூகத்தில் வளர்ந்த ஒரு தாய்க்கு, தன் மகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம், அவள் உயிர் போயிற்று என்பதைவிடக் கொடிதாகத் தோன்றியிருக்கும். அது தவறான எண்ணமாக இருக்கலாம், வலி தவறானதன்று.

கியூபெக் நகரில்

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. வின்சென்ட் பிகோ என்ற சேசு சபைக் குரு, காட்டில் வளரும் இந்த ஆங்கிலேயச் சிறுமியைக் கண்டறிந்து, அவளை விடுவிக்க முயன்றார். வளர்த்த குடும்பம் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கும் அவள் மகள்தானே! நெடிய பேச்சுக்குப் பின், 1708இன் இலையுதிர் காலத்தில், பன்னிரண்டு வயது எஸ்தர் கியூபெக் நகருக்கு அழைத்து வரப்பட்டாள். அவளைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டவர் கனடாவின் பிரெஞ்சு ஆளுநர் வொத்ரேய் பிரபு. நேற்றுவரை மரப்பட்டைக் குடில். இன்று ஆளுநர் மாளிகை.

ஆளுநரின் நோக்கம் அவளைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்புவதே. சிறைப்பட்டோரை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அதுவரை கல்வி கற்கட்டும் என்று, 1709 சனவரியில், தம் மகளோடு அவளையும் உர்சுலின் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்.

இந்த மடத்தைப் பற்றிச் சில வார்த்தை கூறாமல் மேலே செல்ல மனமில்லை. பெண் குழந்தைகளின் கல்விக்காகவே பெயர்பெற்ற உர்சுலின் சபை, 1535இல் இத்தாலியின் பிரேசியா நகரில் புனித ஆஞ்சலா மெரிசியால் தொடங்கப்பட்டது. அச்சபையின் கன்னியர் 1639இல் கியூபெக் வந்து, வட அமெரிக்காவின் மிகப் பழமையான பெண்கள் பள்ளிகளுள் ஒன்றை நிறுவினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மனிதவதாரத்தின் மரியா. 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர் ஒரு கைம்பெண், ஒரு மகனுக்குத் தாய். 1631இல் பிரான்சில் துறவு மடத்தில் நுழைந்தபோது, கிளாட் என்ற அந்தச் சிறுவன் மடத்து வாயிலுக்கு வந்து, தன் தாயைத் தரும்படி அழுதான் என்பது வரலாறு. பின்னாளில் அவனே பெனடிக்ட் சபைத் துறவியாகித் தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதினான். தாயும் பிள்ளையும் பிரிந்த வலியை அடித்தளத்திலேயே கொண்ட மடம் அது. அதன் கதவைத்தான் எஸ்தர் இப்போது தட்டினாள்.

ஏனெனில், பள்ளியில் ஒன்றரை ஆண்டு கழிவதற்குள், தான் துறவியாக விரும்புவதாக அவள் கூறினாள். ஆளுநர் மறுத்தார். பெற்றோரிடம் திருப்பித் தருவதாக வாக்களித்த பிள்ளையை மடத்தில் அடைத்துவிட்டார் என்ற பழி தமக்கு வேண்டாம் என்று அவளைப் பள்ளியிலிருந்து எடுத்துத் தம் வீட்டுக்கே கொண்டுபோனார். மொந்திரியால், திரிவா ரிவியேர் ஆகிய ஊர்களிலும் சிறிது காலம் தங்கவைத்தார். இதை நான் முக்கியமாகக் குறிப்பிடுகிறேன். மடத்தார் அவளை வசப்படுத்திப் பிடித்து வைத்துக்கொண்டனர் என்று பாஸ்டனில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவளை மடத்திலிருந்து விலக்கி வைக்க முயன்றவர் ஒரு கத்தோலிக்க ஆளுநர். இரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பின்பும் அவள் மனம் மாறவில்லை.

1712 அக்டோபர் 2ஆம் நாள் கியூபெக் மடத்தில் மீண்டும் நுழைந்தாள். 1713 சனவரி 3ஆம் நாள் துறவு உடை ஏற்றாள். அன்று மறையுரை ஆற்றியவர் பிகோ அடிகளே. அவ்வாண்டே உட்ரெக்ட் உடன்படிக்கையால் போர் முடிந்தது. அமைதி பிறந்ததும் வீல்ரைட் குடும்பத்தாரிடமிருந்து மகளைத் திருப்பிக் கேட்கும் வேண்டுகோள் மீண்டும் எழுந்தது. எஸ்தரோ, வழக்கமான பயிற்சிக் காலத்தைக் குறைத்துத் தன்னை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடினாள். மடத்தார் இசைந்தனர். 1714 ஏப்ரல் 12ஆம் நாள், பதினெட்டாம் வயதில், தன் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தாள். குழந்தை இயேசுவின் மரிய-ஜோசப் என்பது அவளது துறவறப் பெயர்; இருந்தும் எஸ்தர் என்ற பெயரை அவள் விடவேயில்லை. பங்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய எங்களைப் போன்றோர்க்கு, ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பது புதிதன்று. ஆனால் யூத மக்களிடம் பிறந்து, அந்நிய அரண்மனையில் வளர்ந்து, நெருக்கடி வேளையில் தன் மக்களுக்காகப் பேசிய விவிலியத்து எஸ்தரின் பெயரைப் பியூரிட்டன் பெற்றோர் அவளுக்கு இட்டது, எத்துணைப் பொருத்தமாய்ப் போயிற்று!

ஏழு வயதில் அவளைக் கொண்டுபோனார்கள். அதில் அவளுக்கு விருப்பம் இல்லை. பன்னிரண்டு வயதில் மீண்டும் கொண்டுபோனார்கள். அதிலும் அவளைக் கேட்டவர் இல்லை. பதினெட்டு வயதில்தான், தன் வாழ்வில் முதன்முறையாக, தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அத்தேர்வின் விலை, பெற்ற தாயின் முகத்தை இனி இவ்வுலகில் காணாமலிருப்பது.

தாயின் பங்கு

தந்தையின் உயிலைத் தொடக்கத்தில் கண்டோம். தாய் மேரி அம்மையாரும் தம் உயிலில் மகளை மறக்கவில்லை. இறைவனின் அற்புதப் பராமரிப்பால் எஸ்தர் தாய்நாடு திரும்பி அங்கே தங்குவாளாயின், தம் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவளுக்கு என்று எழுதி வைத்தார். சட்டம் அறிந்தவர்கள் அந்த நிபந்தனையைக் கவனிப்பார்கள்: திரும்பி வந்தால் மட்டுமே. கத்தோலிக்கத் துறவியாகக் கனடாவிலேயே இருந்துவிட்டால் ஒன்றுமில்லை. கடினமான நிபந்தனைதான். எனினும், மதம் மாறிய மகளின் பெயரையே குடும்ப நூலிலிருந்து கிழித்தெறிந்துவிடும் வீடுகளை நம் நடுவிலேயே நான் பார்த்திருக்கிறேன். மாறிய திசை எதுவாயினும் அது நடக்கிறது. வெல்ஸ் ஊர்த் தாயோ மகளின் இலையை எடுத்துவிடவில்லை. பந்தியில் அது போடப்பட்டே இருந்தது.

போர்களுக்கு இடையே கிடைத்த இடைவெளிகளில் குடும்பத்தாருக்கும் மடத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது. 1754இல் எஸ்தரின் சகோதரர் மகன் நத்தானியேல் வீல்ரைட், சிறைப்பட்டோரின் விடுதலை குறித்துப் பேசக் கியூபெக் வந்தபோது, மடத்துக்குச் சென்று தம் அத்தையைக் கண்டார். வெள்ளிக் கோப்பை முதலிய பொருள்களையும் மெல்லிய துணிகளையும் பரிசாகக் கொணர்ந்தார். அத்தைக்கு அப்போது வயது 57 அல்லது 58. ஆங்கிலம் மறந்த அத்தையும் பாஸ்டன் வணிகரான மருமகனும் எந்த மொழியில் நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்! பிரெஞ்சு மொழிதான் உதவியிருக்க வேண்டும்.

குடும்பத்தாரிடமிருந்து மடத்துக்கு வந்து சேர்ந்த பொருள்களில் தாயின் உருவப்படம் ஒன்றும் இருந்தது. அதற்கு ஒரு முக்காடும் தீட்டி, அதைத் தேவ அன்னையின் திருவுருவமாக மாற்றி வைத்துக்கொண்டனர் என்பது மடத்தில் வழிவழியாக வரும் செய்தி. திருவுருவங்களை வணங்குவது விக்கிரக ஆராதனை என்று நம்பி வளர்ந்த பியூரிட்டன் அம்மையார், கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் கன்னிமரியாக நின்றார்! அவர் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, நான் அறியேன். சிரிக்கவும் தோன்றுகிறது, சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு கனக்கிறது. அடைப்பு வாழ்வு வாழும் ஒரு துறவி, தன் தாயின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி எது?

முற்றுகையும் அதன்பின்னும்

1759ஆம் ஆண்டில் எஸ்தரின் இரு உலகங்களும் நேருக்கு நேர் மோதின. ஆங்கிலேயத் தளபதி உல்ப் கியூபெக் நகரை முற்றுகையிட்டுக் கோடை முழுவதும் குண்டு வீசினார். செப்டம்பர் 13 அன்று ஆபிரகாம் சமவெளியில் நடந்த போரில் உல்ப், பிரெஞ்சுத் தளபதி மோன்காம் இருவருமே படுகாயமுற்று மாண்டனர். மோன்காமின் உடலை உர்சுலின் மடத்துச் சிற்றாலயத்தில், குண்டு விழுந்து பிளந்த தரையிலேயே குழியை விரிவாக்கி அடக்கம் செய்தார்கள். நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் மடத்தில் காயமுற்ற ஆங்கிலப் படையினர் படுத்திருந்தனர். கன்னியர் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர். கனடாவின் குளிரில் முழங்கால் தெரியும் உடையோடு காவல் நின்ற ஸ்காட்லாந்து வீரர்களுக்கு நீண்ட கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. 1760 சூன் மாதம் ஆயர் பொன்பிரியான் இறந்தார். ஆறு ஆண்டுகள் கனடா திருச்சபைக்கு ஆயரே இல்லை. இனிக் கத்தோலிக்க மறை இந்நாட்டில் நீடிக்குமா, மடங்களை மூடிவிடுவார்களா என்று எவருக்கும் தெரியாத நேரம்.

அந்த நேரத்தில், 1760 டிசம்பர் 15ஆம் நாள், கன்னியர் கூடித் தங்கள் மடத்தலைவியாக எஸ்தரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 64. நாற்பத்தாறு ஆண்டுகள் தங்களோடு வாழ்ந்த சகோதரியின் தகுதி அவர்களுக்குத் தெரியும். அதோடு, புதிய ஆட்சியாளரின் இனத்தில், மதிப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் அவர்கள் மனத்தில் இருந்திருக்கும். அதை உலக ஞானம் என்று குறை சொல்லலாகாது. ஆங்கிலேய ஆளுநர் மரே மடத்தாரை மதிப்போடு நடத்தினார்.

பிரான்சிலிருந்து வரும் பணம் நின்றுபோனது. கன்னியர் அபெனாக்கி முதலிய பூர்வகுடிப் பெண்களின் முறையைப் பின்பற்றிப் பூர்ச்ச மரப்பட்டையில் வண்ணப் பூவேலை செய்து, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு விற்று, மடத்தின் செலவுக்குத் தேடினர். தலைவி தம் சிறுவயதில் மரப்பட்டைக் குடிலில் வளர்ந்தவர் என்பதை நினைவில் கொண்டால், அவருடைய மூன்று இல்லங்களும் அந்த ஒரு கைவேலையில் கூடிவிட்டதைக் காணலாம்: அபெனாக்கித் தொழில், பிரெஞ்சு மடம், ஆங்கிலேயர் காசு. 1766 வரையிலும், பின்னர் 1769 முதல் 1772 வரையிலும் அவர் தலைவியாய் இருந்தார். அதன்பிறகும் மடத்தின் துணைப் பொறுப்புகளில் நீடித்து, 1780 நவம்பர் 28ஆம் நாள், 84ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

உயில்களில் ஒதுக்கிய நூறு பவுண்டும் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குப் போய்ச் சேரவேயில்லை. ஆனால் அவர் பக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒன்று போய்ச் சேர்ந்தது. தலைவியாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட அவரது வண்ணப்படம் நியூ இங்கிலாந்தில் உள்ள குடும்பத்தாரிடம் அனுப்பப்பட்டது. கறுப்பு முக்காடும் வெண்துணியும் சூழ, முகம் மட்டும் தெரியும் அந்தப் படம் இப்போது பாஸ்டன் நகரில், மசாசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் உள்ளது. ஒரு காலத்தில் கத்தோலிக்கக் குரு ஒருவர் கால்வைத்தால் ஆயுட்சிறை என்றிருந்த மாநிலம் அது. படம் வந்து சேர்ந்தபோது, அதைக் காணும் ஆவலோடு ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த மேரி அம்மையார் கண்மூடிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.